கம்பி வலைக்குள் ஒரு பிரிண்டர்

புனே கராடியில் நான் பின்னாளில் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியில், எங்கள் மாடிக்கு ஒரு பெரிய பிரிண்டர் இருந்தது. காகிதம் சிக்கிக்கொண்டால் நாலு பேர் அதைச் சுற்றி நின்று செல்லமாகத் திட்டுவார்கள். எவனாவது ஒருத்தன் அதன் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பிரிண்டர் பக்கத்தில் யாராவது கையை ஓங்கினால் எனக்கு ஞாபகம் வருவது நிக்டி லாரி யார்டும், அங்கே அடி வாங்கிய ஒரு மனிதரின் காதும்தான்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் அது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி புனேவுக்கு வந்து, ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தலைமை ஆபீஸ் விஷ்ராந்த்வாடியில், ஆளந்தி ரோட்டைப் பார்த்த ஒரு மாடி. மேனேஜர் புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ் தெரிந்தவர்களாகப் பார்த்துத்தான் வேலைக்கு எடுப்பார். நம்ம ஆளுங்களாக இருந்தால் பேச்சு வெளியே போகாது என்பார். ஆளுக்குத் தாய்மொழிப் பற்று அதிகம் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் புத்தி.

ஊர்க் கடைசியில் இருந்த கம்பெனியின் நிக்டி யார்டில் லாரிகள் லோடுக்காகக் காத்து நிற்கும். எந்த லாரிக்கு எந்த லோடு என்பதை மேனேஜர் காலையில் போனில் சொல்லுவார். யார்டில் இருந்த கிளார்க் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, வெளியே வந்து டிரைவர்களுக்குச் சொல்லுவார். அந்தக் கிளார்க் புனே கட்கியில் பிறந்தவர், பூர்வீகம் வேலூர்ப் பக்கம், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவருடைய தமிழில் பாதி இந்தி இருக்கும். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார்.

இந்த இரண்டு பேரும் போனில் பேசுவது தமிழில். ஒரு தகர ஷெட்டில், பஞ்சாபிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நாள்கணக்கில் லோடு கிடைக்காமல் கிடக்கிற டிரைவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர்களுக்குப் புரியாத பாஷையில் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். போனை வைத்துவிட்டு, உனக்கு இன்றைக்கும் லோடு இல்லை என்று இந்தியில் சொன்னால் எவன் சும்மா இருப்பான்? இந்த ஆள் நமக்குத் தெரியாமல் பேரம் பேசி நம் லோடை விற்கிறான் என்றுதான் நினைப்பான். நினைத்தார்கள், அடித்தார்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்த மனிதர் உதடு வீங்கியோ சட்டை கிழிந்தோ வீட்டுக்குப் போவார். தமிழை விட்டுவிட்டு இந்தியில் பேசித் தொலைக்க வேண்டும் என்பது ரெண்டு பேருக்கும் கடைசிவரை உறைக்கவேயில்லை.

ஒரு நாள் யார்டின் டெலிபோன் லைனைப் பார்ப்பதற்காக நான் போயிருந்தேன். அண்ணா போனில் இருந்தார். ஆஜானுபாகுவான ஒரு பஞ்சாபி டிரைவர் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். "ஹிந்தி மே போல்," என்றான், இந்தியில் பேசச் சொல்லி. அண்ணா, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, மேனேஜர் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் வினையாகிப்போனது. டிரைவர் அவர் காலரைப் பிடித்து மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டான். விரித்த உள்ளங்கையால் இடது காதில் ஒரே அறை. தகரக் கூரையில் கல் விழுந்தது மாதிரி சத்தம். அண்ணா கத்தவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. அதற்குள் வெளியே நின்றிருந்த இரண்டு பேர் உள்ளே வந்து விலாவில் உதைத்தார்கள். மேஜை விளிம்பில் நெற்றி இடித்துத் தோல் பிளந்தது. காதிலிருந்து மெல்லிசாக ரத்தம் இறங்கி சட்டைக் காலருக்குள் போனது.

எனக்குக் கோபம் வந்தால் கை கால் எதுவும் என் பேச்சைக் கேட்காது. வாயில் வந்ததையெல்லாம் எங்கள் ஊர்த் தமிழில் கொட்டிக்கொண்டே, மேஜையில் கிடந்த பஞ்சிங் மெஷினை எடுத்து அந்தப் பஞ்சாபி மேல் வீசினேன். இரும்பு மெஷின், புருவத்தில் போய் விழுந்து கிழித்தது. அவன் என் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினான். பொம்பளை என்று கூட இருந்தவர்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். இவளும் அதே மதராஸி கூட்டம்தான் என்று துப்பிவிட்டு வெளியே போனான்.

போன் ரிசீவர் மேஜையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். மேனேஜர் லைனில்தான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆளைக் கொல்லுகிறார்கள், போலீசுக்குச் சொல்லுங்கள் என்று கத்தினேன்.

"தினம் நடக்கறதுதாம்மா," என்றார், குரலை உயர்த்தாமல். "அவரைச் சமாளிச்சுக்கச் சொல்லு." லைனைத் துண்டித்துவிட்டார்.

டாக்டர் பார்த்துவிட்டு, இடது காதின் சவ்வு கிழிந்து உள்நரம்பும் கெட்டுப்போயிற்று, கேட்கும் சக்தி திரும்ப வராது என்றார். சில நாளில் அண்ணா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். மேனேஜர் என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்டேன். அவர் எப்பவும் சொல்லுவதுதான் மேடம், சமாளிச்சுக்கோ என்பார், நானும் இத்தனை வருஷமாகச் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது வழி முழுக்க அதே நினைப்புதான். அடுத்த அடியில் இந்த மனிதர் செத்தே போய்விடுவார் என்று தோன்றியது. அதை நிறுத்த வேண்டும், எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

யோசனை ஒன்றும் பெரிய யோசனை இல்லை. பேச்சால்தானே அடி விழுகிறது? பேச்சே வேண்டாம். லாரி நம்பரும் ஊர்ப் பெயரும் விஷ்ராந்த்வாடியிலிருந்து நேராக நிக்டியில் அச்சாகி விழட்டும். நடுவில் மனிதர் வாய் வேண்டாம்.

யார்டில் கம்ப்யூட்டர் வைக்க முடியாது. தூசி, நினைத்தால் போகிற கரண்ட், இயக்கவும் ஆள் இல்லை. அதனால் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் ஒரு மோடத்தையும் நேராக ஒரே கேபிளில் கோத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மோடம் என்பது டெலிபோன் லைனில் வருகிற கீச்சுச் சத்தத்தை எழுத்தாக மாற்றித் தருகிற சின்னப் பெட்டி. போன் மணி அடித்தால் அதுவே எடுத்துப் பேசும்படி செய்துவிட்டால் போதும். நான் இங்கே டயல் செய்து அனுப்புவதெல்லாம் அங்கே காகிதத்தில் விழும். கேபிளின் ஒயர்களை மாற்றிக் கோக்க வேண்டியிருந்தது. வீட்டில் அடுப்பங்கரை மேடையில் வைத்துச் சால்டரிங் செய்ததில் கட்டைவிரலைப் பொசுக்கிக்கொண்டேன்.

மேனேஜர் உடனே ஒத்துக்கொண்டார். கம்பெனி நவீனமாகிவிட்டது என்று பார்ட்டிகளிடம் பீற்றிக்கொள்ளலாம் அல்லவா. அண்ணாவின் மேஜையைச் சுற்றிக் கம்பி வலை போட்டுத் தரச் சொல்லி நான் முன்பு எழுதிக் கேட்டபோது அதற்கெல்லாம் பணம் இல்லை என்று தள்ளியவர், பிரிண்டர் வருகிறது என்றதும் அதே வலைக்குக் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டார். மெஷின் விலை அதிகம், உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார். மனிதன் காதுக்கு இல்லாத கம்பி மெஷினுக்குக் கிடைத்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டேன். எதற்காகவோ போட்ட வலைக்குள் அண்ணாவும் உட்கார்ந்துகொள்ளப் போகிறார், அது போதும். சாவியை அவர் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

முதல் நாள் பிரிண்டர் RING, RING என்று அடித்துத் தள்ளியது. மணி அடிப்பதை மோடம் பிரிண்டரிடம் சொல்ல, பிரிண்டர் அதையும் விசுவாசமாக அச்சிட்டுவிட்டது. RING என்பது யாருடைய லாரி, அதற்கு மட்டும் ஏன் இத்தனை லோடு என்று வெளியே கூச்சல் கிளம்பியது. வலைக் கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள். அண்ணா நாற்காலியோடு சுவர் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டார். மோடத்தின் வாயை அடைக்க ஒரு கட்டளை இருக்கிறது. அடுத்த நாள் போய் அதைப் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பிசகில்லாமல் ஓடியது. காலையில் நான் டயல் செய்வேன். அங்கே பிரிண்டர் கர்ரென்று ஓட, அண்ணா காகிதத்தைக் கிழித்து வலையின் இடுக்கு வழியாக வெளியே நீட்டுவார். லாரி நம்பர் படிக்கத் தெரியாத டிரைவர் உண்டா? அவர்களே படித்துக்கொண்டார்கள். அண்ணா வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. திட்டுகிறவன் காகிதத்தைத் திட்டினான், கோபம் தீராதவன் வலையை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனான். யாரும் அவரைத் தொடவில்லை. மழைக்காலம் ஒன்று முழுக்க அவர் உடம்பில் ஒரு காயம் இல்லாமல் கழிந்தது. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் லோடு விஷயத்தில் ஒன்றும் மாறவில்லை. முன்னால் வந்தவன் கிடந்து காய்வதும் பின்னால் வந்தவன் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெரிய லோடு ஏற்றிக்கொண்டு போவதும் அப்படியேதான் நடந்தன. ஒரு நாள் அந்தப் பஞ்சாபி டிரைவர், என் பஞ்சிங் மெஷின் கிழித்த தழும்போடு, வலைக்கு வெளியே வந்து நின்றானாம். நீ இப்போது பேசுவதே இல்லை, அப்படியும் அநியாயம் நிற்கவில்லை, அப்படியானால் பண்ணுகிறவன் யார் என்று கேட்டானாம். அண்ணா கண்ணைத் தூக்கி, சுவர் ஓட்டை வழியாக வெளியே போகிற டெலிபோன் ஒயரைப் பார்த்தார். அவ்வளவுதான். இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

அந்த வாரமே விஷ்ராந்த்வாடி ஆபீஸ் மேல் கல் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி பூராவும் உடைந்து உள்ளே கொட்டியது. என் முழங்கையில் ஒரு துண்டு ஏறி நின்றது. கீழே தெருவில் பத்திருபது பேர், கையில் வீல் ஸ்பானர், மேனேஜரை வெளியே வரச் சொல்லி இந்தியில் கத்தினார்கள். மேனேஜர் மேஜைக்கு அடியில் இருந்தார். கூட்டம் கலைந்ததும் எழுந்து வந்து, பேண்ட்டில் ஒட்டிய கண்ணாடித் தூளைத் தட்டிக்கொண்டே, நிக்டி பிரிண்டரைக் கழற்றிக் கொண்டுவா, பழையபடி போனிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"அங்க ஒரு ஆள் பேசிட்டிருந்தா எல்லாம் அங்கேயே முடிஞ்சிடும். இப்ப பாரு, இங்க வருது."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது, அதைக்கூடத் துடைக்கத் தோன்றவில்லை.

"அந்த அண்ணன் வாங்குன அடியெல்லாம் உங்களுக்கு வர வேண்டியதுங்க சார்," என்றேன். "நான் கழட்ட மாட்டேன். வேணும்னா நீங்களே வந்து கழட்டிக்கங்க."

சூடு பட்ட மாதிரி முகம் மாறியது. சரி, நானே வருகிறேன், நீயும் கிளம்பு என்றார். அங்கே போக அவருக்குப் பயமில்லாததற்குக் காரணம் இருந்தது. டிரைவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. காரில் போகும்போதே எனக்குப் பாடம் நடத்தினார்: நான் பிரிண்டர் ரிப்பேர்க்காரன், அங்கே எல்லோரிடமும் இந்தியிலேயே பேசு, கழற்றிக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மனிதரிடம் இதைச் சொல்லப் போவதாவது நானாக இருக்கட்டும் என்றுதான் கூடப் போனேன்.

உச்சி வெயில். டிரைவர்கள் லாரி நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வலைக்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். மேனேஜர் என் கையில் ஸ்க்ரூ டிரைவரைத் திணித்து உள்ளே போகச் சொன்னார். அண்ணா கதவைத் திறந்து என்னை விட்டுவிட்டு, உத்தரவுப்படி மறுபடியும் பூட்டினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் வலது காதை என் பக்கம் திருப்பி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு எழுந்து பிரிண்டருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். வலைக்கு வெளியே நின்ற மேனேஜரைப் பார்த்துக் கை கூப்பினார்.

"வேணாம் சார். யே மெஷின் கயா தோ, நானும் போயிடுவேன். இன்னொரு காதுதான் பாக்கி இருக்கு."

வழியை விடு என்று மேனேஜர் இந்தியில் அடங்கிய குரலில் சொன்னார். அண்ணா நகரவில்லை. இரண்டாம் தடவையும் சொன்னார். மூன்றாம் தடவை பொறுமை போய்விட்டது. இத்தனை வருஷம் போனில் அதட்டிய அதே குரலில், அதே தமிழில், கத்த ஆரம்பித்தார். யார் சோற்றைத் தின்கிறாய், யாரை எதிர்த்து நிற்கிறாய் என்று யார்டு முழுக்கக் கேட்டது.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அந்தப் பாஷை அவர்களுக்குத் தெரியும். ரிசீவரின் மறுமுனையில் கரகரவென்று அதைக் கேட்டுக் கேட்டுத்தானே அவர்கள் வயிறு காய்ந்தது. தழும்புக்காரன் டீ கிளாஸைத் தரையில் வைத்தான். "யஹீ ஹை," என்றான், இவன்தான் அது என்று, நிதானமாக.

முதல் அறையில் மேனேஜரின் மூக்குக் கண்ணாடி பறந்தது. பின்னாலிருந்து ஒருவன் உதைக்க, அவர் வலையில் வந்து மோதினார். கம்பி மொத்தமும் அதிர்ந்து, பிரிண்டர் மேலிருந்த தூசி எழும்பியது. சட்டையைப் பிடித்துத் திருப்பி வாயில் குத்தினார்கள். பல் ஒன்று உடைந்து ரத்தத்தோடு நாடியில் இறங்கியது. வயிற்றில் முழங்கால் இறங்கியது. அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வலையில் அழுத்தி, கதவைத் திற, கதவைத் திறடா என்று தமிழிலேயே கதறினார். ரத்தம் கம்பி வழியாக உள்ளே தெறித்து என் சுடிதாரில் விழுந்தது.

அண்ணா அரைஞாண் கயிற்றிலிருந்த சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்த முகத்துக்கும் அவருக்கும் நடுவில் கம்பி மட்டும்தான்.

"சமாளிச்சுக்கோங்க சார்," என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. மேனேஜர் போனில் சொல்லுவாரே, அதே மெதுவான குரலில் சொன்னார். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் பொங்கியது. அடியுங்கள், இன்னும் அடியுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூ டிரைவரை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பிடி பதிந்துவிட்டது.

தழும்புக்காரன் மற்றவர்களை விலக்கிவிட்டு முன்னால் வந்தான். மேனேஜரின் தலைமயிரைப் பற்றி முகத்தைத் திருப்பினான். உள்ளங்கையை விரித்து, கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அண்ணா பூட்டைத் திறந்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி வெளியே போய், மேனேஜரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஓங்கிய கை அண்ணாவின் முதுகில் விழுந்தது. அவர் தடுமாறியபடியே கதவைச் சாத்திப் பூட்டினார். மூன்று பேர் அந்த இரண்டு பேர் இடத்தில் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தோம். யாரோ தகவல் சொல்லிப் போலீஸ் ஜீப் வரும்வரைக்கும் அவர்கள் வலையை ஸ்பானரால் அடித்துக்கொண்டேயிருந்தார்கள்.

மேனேஜர் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. பிரிண்டரைக் கழற்றச் சொல்ல யாரும் இல்லாததால் அது அங்கேயே இருந்தது. புதிதாக வந்தவர் மராட்டிக்காரர், வந்த வரிசையில் லோடு கொடுத்தார். வலையின் வளைந்த கம்பிகளை மட்டும் யாரும் நிமிர்த்தவில்லை.

அடிதடி நடந்த அன்று சாயங்காலம், போலீஸ் எழுதிக்கொள்வதெல்லாம் முடிந்த பிறகு, பஸ் ஸ்டாப்பில் அண்ணாவிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். ஏனுங்ணா கதவைத் திறந்தீங்க? அவருக்குக் கேட்கவில்லை. நான் இடது பக்கம் நின்றிருந்தேன். சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து மறுபடி கேட்டேன்.

"பல்லு போச்சுன்னா கட்டிக்கலாம் மேடம்," என்றார். "அவன் கை காதுகிட்ட போச்சு. காது வாபஸ் வராது."

பஸ் வந்தது. முதுகில் விழுந்த அடியால் அவருக்குப் படி ஏற முடியவில்லை, நான் கை கொடுத்தேன். சாவி என்னிடம் இருந்திருந்தால் திறந்திருக்க மாட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் திறக்க மாட்டேன்.